ஏசி வேலைக்குப் போன படங்கு

இரத்தோட்டைக்கு மேலே கல்லும் மானாப்புல்லுமாகக் கிடந்த சரிவில் வீடு கட்டியவன் நான். எல்கடுவ தேயிலைத் தோட்டத்தின் லயத்து அறையில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் கட்டிய வீடு. நாலு அறை, கொங்கிறீட் கூரை. மலை ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் இறக்கினேன். கராம்பு காயவைக்க ஒரு கொட்டில், மிளகுக்கு இன்னொன்று. லொறியும் வாங்கினேன். "ஒன்னால ஆகாதுடா" என்ற கங்காணி பிறகு அதே லொறியில்தான் மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போனார். அப்போதெல்லாம் பயம் என்ன நிறம் என்றே எனக்குத் தெரியாது. கடைசி மகள் ஏசி வேலை படிக்கப் போகிறேன் என்றபோதுதான் தெரிந்தது.

உயர்தரம் முடித்த பிள்ளை. டீச்சராக வருவாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

"டீச்சர் வேலைக்கு எத்தன பேர் காத்துக் கெடக்குறாங்க தெரியுமாப்பா? சீகிரியா பக்கம் ஹோட்டல்காரங்க ஏசி ரிப்பேருக்கு ஆள் இல்லாம அலையுறாங்க. படிச்சு முடிக்க முந்தியே கூப்புடுறாங்க."

"பொம்பளப் புள்ள செவுத்துல தொங்குறதா?"

"நீங்க கராம்பு மரத்துல தொங்கல?"

"எனக்குப் பயமில்ல."

"அப்ப எனக்கு மட்டும் எங்கேருந்து வரும்? ஒங்க புள்ளதானே."

அடுப்படியில் என் மனைவி சிரித்தது கேட்டது.

உயரத்துக்கு நான் பயப்படவில்லை. கராம்பு ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்குப் போகும்போது ஹோட்டல் சுவர்களைப் பார்த்திருக்கிறேன். சன்ஷேட் மேல் ஏசிப் பெட்டிகள் உட்கார்ந்திருக்கும். மாதக் கணக்கில் யாரும் தொடாத நிழல். குளவி கூடு கட்ட அதைவிட நல்ல இடம் கிடையாது. என் அக்கா தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலையில் குளவி கொட்டித்தான் செத்துப் போனாள். கூடு கலைந்ததும் ஓடினாள். ஓடியவளைத்தான் அது துரத்தியது. அவள் முகம் வீங்கிக் கிடந்ததை நான் வீட்டில் யாரிடமும் விவரித்ததில்லை.

மகள் படித்தாள். பயிற்சி முடிந்ததும் சீகிரியா ஹோட்டல் ஒன்று கூப்பிட்டது. நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். கொழுந்தெடுக்கிறவர்கள் இடுப்பில் சுற்றுகிற தடித்த சாக்கு, படங்கு. அதைக் கட்டிக்கொண்டுதான் சுவரில் ஏற வேண்டும்.

"அங்க என்னப்பா தேயிலையா இருக்கு?"

"கட்டாட்டி போக வேணாம்."

முதல் நாள் சோற்றுப் பார்சல் கொடுக்கிற சாக்கில் நானும் லொறியில் போனேன். அங்கிருந்த பொடியன்கள் அவள் இடுப்பைப் பார்த்து, "நங்கி, கொழுந்துக் கூடையை எங்கே விட்டுட்டு வந்தாய்?" என்று தங்கச்சி முறை வைத்துச் சிங்களத்தில் கேட்டுச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், என்னை முறைத்துக்கொண்டே.

ஏணியில் ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, இரண்டாம் மாடி சன்ஷேடில் குந்தினாள். பெட்டியின் மூடியைக் கழற்றியதும் கறுப்பாக ஒன்று குபுக்கென்று வெளியே வந்தது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கத்த வேண்டும், ஓடாதே, படு என்று கத்த வேண்டும். கத்தவில்லை. கால் இரண்டும் மண்ணில் புதைந்த மாதிரி நின்றேன். ஒரு அடி பின்னால் வைத்தாலும் அவளுக்குக் கீழே வெறும் காற்றுதான்.

அவள் ஓடவில்லை. கொழுந்து மலைப் பெண்கள் செய்கிற மாதிரியே படங்கை அவிழ்த்துத் தலையோடு போர்த்துக்கொண்டு, சுவரோடு ஒட்டிக் குப்புறப் படுத்தாள். சாக்கு மேல் குளவி ஊர்ந்தது. உள்ளே அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வெயில் என் முதுகில் அடித்தது, எனக்கோ உடம்பெல்லாம் குளிர்ந்தது.

குளவி அடங்கிப் போனபிறகு ஊர்ந்து வந்து ஏணியைப் பிடித்தாள். புறங்கையில் ஒரே ஒரு கொட்டு. பொடியன்கள் சிரிக்கவில்லை. "பயமே இல்லாத புள்ள" என்று பெரியவர் ஒருவர் என் மகளை மெச்சினார். வேலை நிரந்தரம் என்றார்கள் ஹோட்டல்காரர்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஒப்பித்தாள்: "நான் அசையலம்மா. அப்பாதான் கீழ நின்னு நடுங்கிக்கிட்டு இருந்தாங்க!"

"நாளைக்கும் போவியா?" என்றேன்.

"போகாம? இன்னும் எத்தன ஏசி கெடக்கு."

இப்போதும் அவள் பஸ் ஏறும் ஒவ்வொரு காலையும் பஸ் வளைவு தாண்டும்வரை ரோட்டிலேயே நிற்கிறேன். கராம்பு உலர்த்தக்கூட மனம் ஓடுவதில்லை. ஆனால் தம்புள்ளை பக்கமெல்லாம் அவள் பேச்சாக இருக்கிறது. அவளாகப் படித்தாள், அவளாகத் தைரியமாகப் படுத்தாள் என்கிறார்கள். இருக்கட்டும். நான் நடுங்கினேன், அதையும் சொல்லட்டும். ஆனால் அந்தப் படங்கு யார் கட்டிவிட்டது? சண்டை போட்டுக் கட்டிவிட்டவன் நான். அவள் கதையை எவன் சொன்னாலும் அந்த இடத்தில் நிறுத்தி, "அது அவ அப்பா குடுத்த படங்கு" என்று சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.