நாலாவது ஆள்

கிபாயத்துல்லாவின் தலையில் பாய்மரக் கட்டை விழுந்தது 1957 ஐப்பசியில். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்தார். அப்புறம் மணமேல்குடி வீட்டில் ஒரு வருஷம். நடக்க முடிந்தது, பேச்சும் பாதி வந்தது. வலது கைதான் சொன்னபடி கேட்கவில்லை. வாய்க்குப் புறப்பட்ட கவளம் தோளுக்குப் போகும். தினமும் மனைவி நூர்நிஷா வைத்த சோற்றில் பாதியைக் கோழிகள் தின்றன.

இடது கை உறுதியாகத்தான் இருந்தது. முடியாதவர் அதால் சாப்பிடலாம் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லிப் பார்த்தார். வீட்டில் சரி, நாலு பேர் கை வைக்கும் சஹனில் எப்படி என்பது கிபாயத்துல்லாவின் கேள்வி. கல்யாண வீடுகளில் நால்வர் சுற்றி உட்கார்ந்து உண்ணும் பெரிய தட்டுதான் சஹன். தான் இந்த ஊர்க்காரன் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி அவருக்குத் தெரியாது. இந்த ஒரு வருஷத்தில் பழமும் பிஸ்கட்டுமாகப் பார்க்க வந்தவர்கள் ஏராளம். சாப்பிடக் கூப்பிட்டவர் ஒருவரும் இல்லை.

நூர்நிஷாவின் தம்பி ஹாஜா முகைதீன், மகள் நிக்காஹுக்கு அழைக்க வந்தார். அன்பாகத்தான் சொன்னார்.

"மச்சான், நீங்க எதுக்கு அங்கிட்டு வந்து செரமப்படணும்? சோறு இங்க வந்துரும்."

கிபாயத்துல்லா சொல்லைத் தேடினார். ஹாஜா தானே சொல்லி முடிக்கப் பார்க்க, நூர்நிஷா முறைத்து அடக்கினாள்.

"நான்... வாரேன்."

கல்யாணப் பந்தலில் அவருக்கென்று ஒரு நாற்காலி, முக்காலி, தனித் தட்டு, கரண்டி. அவர் அதைத் தாண்டி நடந்தார். பாயில் ஒரு சஹனைச் சுற்றி மூன்று பேர் இன்னொரு ஆளுக்குக் காத்திருந்தார்கள். அவரோடு கடலுக்குப் போய்வந்த முகம்மது கனியும் அதில் ஒருவன். போய் உட்கார்ந்துவிட்டார்.

முதல் கவளம் நெய்ச்சோறு கனியின் கைலியில் விழுந்தது. இரண்டாவது அவன் பக்கத்துக் கறியில். மற்ற இருவரும் கையை நிறுத்தித் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஹாஜா கரண்டியோடு ஓடிவந்தார்.

கனி மென்றுகொண்டே சொன்னான்: "கரண்டிய எடுத்துக்கிட்டுப் போங்க காக்கா. மாப்ளே, எனக்கு ஊட்டணும்னா வாயப் பாத்து ஊட்டு. மடியில போடாத."

கிபாயத்துல்லா சிரித்துவிட்டார். சிரித்ததில் கை இன்னும் ஆடியது. குனிந்தவர்கள் நிமிர்ந்து, தங்கள் பக்கம் சிதறியதையும் சேர்த்துப் பிசைந்து உண்ணத் தொடங்கினார்கள்.

மற்ற சஹன்காரர்கள் எழுந்து போனார்கள். அடுத்த பந்திக்காரர்கள் வாசலில் நின்றார்கள். அவரோடு உட்கார்ந்த மூவரும் எழவில்லை. கனி கறியில்லாத எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தான். ஹாஜா குனிந்து, போதுமா மச்சான் என்று மெதுவாகக் கேட்டார்.

இந்த முறை சொல் தேடாமலே வந்தது.

"இன்னும் கொஞ்சம் சோறு போடு."