மூன்று கல்லூரிக்கும் 'வந்துடறோமுங்க'

மூன்று வருடங்களுக்கு முன்னால், பிளஸ் டூ ரிசல்ட் வந்து கல்லூரிகளில் அட்மிஷன் நடந்துகொண்டிருந்த சமயம். எங்களுக்குப் பல்லடம் பக்கம் ஊர். வீட்டை ஒட்டியே தறிக் குடோன். பன்னிரண்டு விசைத்தறி ஓடுகிற சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி, எனக்கு மெதுவாகப் பேசவே வராது. நான் போன் பேசினால் பக்கத்துத் தோட்டத்துக்கே சேதி தெரிந்துவிடும் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அப்படிப்பட்ட எனக்கும் ஒரே ஒரு வார்த்தை மட்டும் தொண்டையிலேயே நின்றுகொள்ளும். 'முடியாது' என்பதுதான் அது. அதனால் நான் பட்ட பாட்டையும், ஒரு பாவமும் அறியாத இன்னொரு பெண் பட்ட பாட்டையும்தான் இங்கே சொல்கிறேன்.

என் மகள் கால்பந்து ஆடுவாள். பெற்றவள் என்பதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே நன்றாக ஆடுவாள். பிளஸ் டூ படிக்கும்போது மாநிலப் போட்டி வரைக்கும் போனாள். அங்கே அவள் கோல் போட்டதைப் பார்த்துவிட்டு, கல்லூரிகளில் இருந்து விளையாட்டுத் துறைக்காரர்கள் வீடு தேடி வர ஆரம்பித்தார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் தருகிறோம், படிப்புக்கும் ஹாஸ்டலுக்கும் கட்டணம் கிடையாது, எங்கள் அணிக்கு ஆடினால் போதும் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெண் பார்க்க வருகிற மாதிரி வரிசையாக வருகிறார்களே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

வந்தது மூன்று கல்லூரி. கோயம்புத்தூரில் ஒன்று, ஈரோட்டில் ஒன்று, பொள்ளாச்சிப் பக்கம் ஒன்று. மகள் முதல் நாளே சொல்லிவிட்டாள், கோயம்புத்தூர்தான் என்று. அங்கே இருக்கிற பயிற்சியாளரிடம் ஆட வேண்டும் என்பது அவளுக்கு எட்டாவது படிக்கும்போதே வந்த ஆசை. அந்தக் கல்லூரியும் இடம் உறுதி என்று சொல்லிவிட்டது. மற்ற இரண்டு பேரிடமும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியது மட்டும்தான் பாக்கி. அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டு, "உனக்குத்தான் நல்லாப் பேச வரும்" என்று என் வீட்டுக்காரர் தறிக் குடோனுக்குள் நழுவிவிட்டார்.

ஈரோட்டுக் கல்லூரியில் இருந்து வந்தவர் ஒரு மேடம். நல்ல வெயிலில் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். ஒறம்பரை, விருந்தாளி என்று யார் வந்தாலும் எங்கள் வீட்டில் வெறும் காபியோடு அனுப்பும் பழக்கம் இல்லை. கோழிக்குழம்பு வைத்தேன். மேடம் கூச்சப்படாமல் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையை எங்களிடம் அனுப்புவீர்கள்தானே என்று கேட்டார். என் வீட்டில் உட்கார்ந்து, என் கையால் சாப்பிட்ட மனுஷியிடம் முகத்துக்கு நேராக எப்படி இல்லை என்பது? "வந்துடறோமுங்க" என்றேன். பொள்ளாச்சிக்காரரிடமும் அதையேதான் சொன்னேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பேச்சானாலும் காடு தோட்டம் வாங்குவதானாலும் வேண்டாம் என்பதை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். ஆகட்டும் என்போம். அப்புறம் நாலு நாள் போன் எடுக்க மாட்டோம். அவர்களும் புரிந்துகொண்டு வேறு இடம் பார்ப்பார்கள். மறுபடி ஏதாவது விசேஷத்தில் பார்த்தால் இரண்டு பேரும் ஒன்றும் நடக்காத மாதிரி நலம் விசாரித்துக்கொள்வோம். ஊருக்குள் இது செல்லும். கல்லூரியில் செல்லாது என்று இந்த மண்டைக்கு உறைக்கவில்லை.

ஈரோட்டு மேடம் விடவில்லை. இரண்டு நாளைக்கு ஒரு தடவை போன் செய்வார். நான் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொல்வேன். ஒரு நாள், அவங்கப்பாவுக்குக் காய்ச்சல் என்றேன். அவங்கப்பா எதிரிலேயே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்து பலகாரம் தின்றுகொண்டிருந்தார். மகள் கேட்கும்போதெல்லாம், "சொல்லியாச்சு கண்ணு" என்று அவளிடமும் பொய். இப்படியே பதினைந்து நாள் ஓட்டிவிட்டேன்.

ஒரு வியாழக்கிழமை காலையில் கோயம்புத்தூர் கல்லூரிக்கு அட்மிஷனுக்குப் போனோம். பஸ்ஸில் இருக்கும்போதே ஈரோட்டில் இருந்து போன். நாளைக்குச் சாயங்காலம் கடைசி என்றார் மேடம். வேண்டுமானால் எங்களுக்காக மேலே பேசி இன்னும் இரண்டு நாள் இடத்தைப் பிடித்து வைப்பதாகவும் சொன்னார். மகள் பக்கத்தில் இருக்கிறாளே என்று, சரிங்க சரிங்க என்று வைத்துவிட்டேன்.

கல்லூரியில் மகள் சான்றிதழ்களைத் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்குள் போனாள். நான் மைதானத்து ஓரம் வேப்ப மரத்தடி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். மைதானத்தில் இன்னும் இடம் கிடைக்காத பெண்களுக்குத் தேர்வு நடந்து முடிந்திருந்தது. அங்கிருந்து ஒரு அம்மாவும் மகளும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் கையில் கோல்கீப்பர் கிளவுஸ். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. மண்டலப் போட்டியில் என் மகள் அணிக்கு எதிராக நின்றவள். அன்றைக்கு ஒரே ஒரு கோல்தான் விட்டாள், மற்ற அத்தனையும் பிடித்துவிட்டாள். யார் பெத்த பிள்ளையோ செவுரு மாதிரி நிக்குது என்று வெளியே நின்று நான் வயிற்றெரிச்சல் பட்டிருக்கிறேன். அவர்களுக்கு என்னைத் தெரியவில்லை.

கிணத்துக்கடவுக்காரர்கள். அந்த அம்மாவுக்குத் தென்னை நார் மில்லில் வேலை. விடிகாலையில் கிளம்பியவர்கள் ஒன்றும் சாப்பிடவில்லை என்று தெரிந்ததும், நான் கொண்டு போயிருந்த அரிசிம்பருப்பு சோற்றைப் பிரித்துக் கொடுத்தேன். மூடியில் கொஞ்சம், டப்பாவில் கொஞ்சம். சாப்பிட்டுக்கொண்டே, பிள்ளைக்கு இங்கே இடம் கிடைத்ததா என்று கேட்டேன். இல்லை என்றார். இங்கே கோல்கீப்பர் ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கிறார்களாம். அப்புறம் அவராகவே சொன்னார்.

"ஈரோட்டுல ஒரே ஒரு எடம் இருக்குதுங்க. பல்லடத்துப் புள்ளை ஒண்ணு வாரேன்னு சொல்லியிருக்குதாம், அதுக்குன்னு வெச்சிருக்கறாங்க. அது வரலீன்னாத்தான் என்ற புள்ளைக்குன்னு சொல்லிப்போட்டாங்க."

கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது. அது கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் சொல்லி வைத்திருப்பதாகவும், திங்கட்கிழமை வரச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். கல்லூரிக் கட்டணம் கட்டிப் படிக்கவைக்கத் தன்னால் ஆகாது என்றார். அழவில்லை, யாரையும் குறை சொல்லவில்லை. "அந்தப் பல்லடத்துப் புள்ளையையும் தப்புச் சொல்ல முடியாதுங்க. அதும் பாடுபட்டு ஆடித்தானுங்க வந்திருக்கும்" என்றார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு கிளவுஸில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

நான் பாட்டுக்குச் சும்மா இருந்துவிட்டால் நாளைக்குச் சாயங்காலம் தானாகவே இடம் இவர்களுக்குப் போய்விடுமே, எதற்கு அவமானப்பட வேண்டும் என்றுதான் உடனே புத்தி போனது. உண்மையைச் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன். அப்புறம்தான் மேடம் இன்னும் இரண்டு நாள் வாங்கித் தருகிறேன் என்றது ஞாபகம் வந்தது. இரண்டு நாள் தள்ளினால் திங்கட்கிழமை வந்துவிடும். இந்தப் பெண் கம்பெனிக்குப் போய்விடுவாள்.

கை கழுவுகிற சாக்கில் எழுந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஈரோட்டுக்குப் போன் போட்டேன். மேடம் எடுத்ததும், "கிளம்பிட்டீங்களாம்மா?" என்றார், அவ்வளவு சந்தோஷமாக. என் பாழாய்ப்போன வாய் 'இதோ வாரமுங்க' என்று சொல்லத் தயாராகிவிட்டது. தொட்டியின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"இல்லீங்க. நாங்க வரலீங்க. புள்ளைக்கு மொதல்ல இருந்தே கோயமுத்தூருதானுங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கு வாய் வரலீங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"நீங்க வேண்டாம்னு அன்னைக்கே சொல்லியிருந்தா எனக்கு ஒரு நாள் வருத்தம்மா. வரோம்னு சொன்னதால பதினஞ்சு நாளா ஒரு குழந்தையை வாசல்லயே நிக்க வெச்சிருக்கேன்."

மன்னிச்சுக்குங்க என்றேன். சரிம்மா, அந்தக் குழந்தையை உடனே கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார். கையோடு பொள்ளாச்சிக்காரருக்கும் போன் செய்து சொன்னேன். அவர் ஒரு 'சரிங்க'வோடு வைத்துவிட்டார். இரண்டு போனும் சேர்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இதற்குத்தான் பதினைந்து நாள் பொய் சொன்னேன்.

நான் மரத்தடிக்குத் திரும்பி வரும்போதே அந்த அம்மாவின் போன் அடித்தது. பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே எழுந்து நின்றுவிட்டார். மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அதுவரை அழாதவர் அப்போதுதான் அழுதார். என்னைப் பார்த்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்தப் பல்லடத்துப் பிள்ளை வரவில்லை என்று சொல்லிவிட்டதாம், அதைப் பெற்றவள் நன்றாக இருக்க வேண்டும் என்றார். அந்த வாழ்த்தை நான் எப்படி வாங்கிக்கொள்வது? பேசாமல் இருந்துவிடத்தான் மனசு சொன்னது. ஆனால் அன்றைக்கு வாய் திறந்துகொண்டது போலிருக்கிறது.

"அது என்ற புள்ளைதானுங்க. நான்தான் வாரேன்னு சொல்லிச் சொல்லி உங்களை இழுத்தடிச்சுப்போட்டேன்" என்றேன்.

அவர் பிடித்திருந்த கையை விட்டுவிட்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "பதினஞ்சு நாளா என்ற புள்ளை சரியாச் சோறு உண்ணலீங்க" என்றார். கோபமாகத்தான் சொன்னார், கோபப்பட வேண்டியதும்தான். நான் நின்றுகொண்டே இருந்தேன். அப்புறம் என்ன நினைத்தாரோ, பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார். "சரி, போச்சாது உடுங்க. உக்காந்து உண்ணுங்க, பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போயிட்டீங்க" என்றார். அந்தப் பெண்ணுக்கு மூடியில் இருந்தது தீர்ந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சூலூர் தாண்டும் வரைக்கும் அவள் என்னைத் திட்டித் தீர்த்தாள். அப்புறம், நல்லவேளை என்னை மூன்று இடத்தில் கட்டிக்கொடுக்காமல் விட்டாயே என்றாள். திட்டு வாங்கினாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

போன வருடம் கல்லூரிகளுக்கு இடையே நடந்த போட்டியில் என் மகள் அணியும் ஈரோட்டு அணியும் மோதின. கிணத்துக்கடவு அம்மாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். இப்போது நாங்கள் வாரத்துக்கு இரண்டு தடவை போன் பேசிக்கொள்கிற அளவுக்குப் பழக்கம். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது என் மகளுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. மூலையைப் பார்த்து நன்றாகத்தான் அடித்தாள். எதிரில் நின்ற அந்தக் கிணத்துக்கடவுப் பெண் பாய்ந்து விழுந்து பந்தைத் தட்டிவிட்டாள். நான் என்னை மறந்து எழுந்து கை தட்டிவிட்டேன். என் மகள் மைதானத்தில் நின்று என்னை முறைத்த முறைப்பை வாழ்நாளுக்கும் மறக்க மாட்டேன். இன்றைக்கும் அதைச் சொல்லி வீட்டில் என்னை ஓட்டுகிறார்கள், ஓட்டட்டும். என் முகதாட்சண்யத்துக்காக இன்னும் நாலு நாள் தாமதமாகியிருந்தால் அந்தக் கைகள் அன்றைக்கு அந்தக் கோல் கம்பத்தின் முன்னால் இருந்திருக்காது என்பது எனக்கல்லவா தெரியும்.