தீப்பெட்டிக்குப் பதிலாக என் கை

ஜெயசீலி அக்கா இறந்த செய்தியை எனக்கு இந்தியில்தான் சொன்னார்கள். திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி வெளியே வந்தேன். எதிர் குவார்ட்டர்ஸ் வாசலில் அவருடைய அலுவலகத்து ஆட்கள் இருவர் நின்றிருந்தார்கள். ஒருவர் கையில் பூட்டு இருந்தது. இன்னொருவர் வீட்டுக்குள் இருந்த சாமான்களைப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். "மேடம் குஜர் கயீ, பேட்டி," என்றார் பூட்டு வைத்திருந்தவர். மேடம் காலமாகிவிட்டார் என்று அர்த்தம். எனக்கு நன்றாகவே புரிந்தது. இருந்தும் "யாரு?" என்று தமிழில் கேட்டேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டினார்.

சுற்றுக்கவர் நண்பர்களே, இந்தப் பெயர் உங்களுக்குப் புதிதாக இருக்கும். உங்களுக்கு அவர் 'ஜெ., போர்ட் பிளேர்'. பொம்மைக் கார்களைப் படம் எடுத்து, அட்டையில் ஒட்டி, ஒரே கவரில் ஊர் ஊராக அனுப்பிப் பார்த்துக்கொள்ளும் உங்கள் ஒன்பது பேரில், கடல் தாண்டி இருந்தவர் அவர் ஒருவர்தான். நான் அவருடைய எதிர்வீட்டுப் பெண். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். அம்மா தூங்கிய பிறகு, அடுப்படி விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதக் கூடாதது சிலவும் இதில் இருக்கும். அதற்கும் சேர்த்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தார். தூத்துக்குடியில் இருக்கும் அவர் அம்மாவுக்குத் தந்தி கொடுத்தார்களாம். தந்தி போய்விடும், ஆள் வரக் கப்பல் வேண்டும் அல்லவா? அன்று மதியமே அடக்கம் முடிந்தது. அலுவலகத்தார் ஏழெட்டுப் பேரும் பாதிரியாரும் இருந்ததாகக் கேள்விப்பட்டேன். நான் அப்போது ஐந்தாம் பீரியடில் பூகோளப் பாடத்தில் இருந்தேன்.

அவரை முதலில் பார்த்தது தண்ணீர்க் குழாய் அருகில். ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்ல சேலை கட்டிய ஒரு பெண், ஈரத் தரையில் குப்புறப் படுத்துக் கிடந்தார். கன்னம் மண்ணில் பதிந்திருந்தது. எதிரே ஒரு தகர லாரி. நான் குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தேன்.

"எதுக்குட்டி சிரிக்கே? நீயும் படுத்துப் பாரு."

"பாவாடை அழுக்காவும்."

"துவைச்சாப் போவும். இது எழுந்திரிச்சா போயிரும். படு."

படுத்தேன். ஒரு கண்ணை மூடச் சொன்னார். குழாயிலிருந்து வழிந்த நீர் ஆறாக ஓடியது. புல் காடாக நின்றது. அந்த லாரி, சாத்தாம் மரமில்லுக்கு மரத்தடி ஏற்றிப்போகும் லாரியைவிடப் பெரிதாக என்னை நோக்கி வந்தது. பயந்து தலையைத் தூக்கினேன். மறுபடி உள்ளங்கை அளவு தகரம்.

அவரிடம் இருந்தது அந்த ஒரே லாரிதான். பனிமயமாதா கோயில் திருவிழாவில் சிறு வயதில் வாங்கியது. எல்லாப் படத்திலும் அதையே திருப்பித் திருப்பி வைத்து எடுத்து அனுப்பியிருக்கிறார். "கோயம்புத்தூர்க்காரர் போன சுத்துல எழுதிட்டாரு, 'ஐயா, தங்கள் லாரிக்கு ஓய்வு கொடுக்கலாமே'ன்னு," என்று சொல்லிச் சிரித்தார். நான் அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். "எங்க வீட்டுல காரு பதினொண்ணு இருக்கு."

அப்பா மாயாபந்தர் போகும் போட்டில் எஞ்சின் டிரைவர். அதற்கு முன் கல்கத்தாவில் சரக்குக் கப்பலில் இருந்தார். வெளிநாட்டு மாலுமிகளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிச் சேர்த்த கார்கள் அவை. உலோக வார்ப்பு, திறக்கும் கதவு, முன்விளக்குக்குக் கண்ணாடிக் கல். கண்ணாடி பீரோவில் அட்டைப்பெட்டிகளோடு வரிசையாக நிற்கும். வீட்டில் இருக்கும் நாட்களில் அப்பா ஷேவிங் பிரஷ்ஷால் தூசி தட்டுவார். நாங்கள் பார்க்கலாம், தொடக் கூடாது. அந்தப் பதினொன்றும் எங்கள் வீட்டில் ஒருநாளும் உருண்டதில்லை.

அப்பா போட்டில் போன நாட்களில் நான் ஒரு காரைப் பழந்துணியில் சுற்றி டிபன் டப்பாவில் வைத்து எதிர்வீட்டுக்குக் கொண்டுபோவேன். ஒரு தடவைக்கு ஒரு கார், இரண்டு படம். பிலிம் சுருளும் கப்பலில்தான் வரவேண்டும், அதனால் அதற்குமேல் எடுக்க மாட்டார். மில்லிலிருந்து கொண்டுவந்த மரத்தூள்தான் மண்சாலை. உடைந்த பவளக்கல் மலை. அக்காவின் கேமராவுக்குக் கிட்டத்தில் இருப்பது தெளியாது. அதனால் இறந்துபோன தன் தகப்பனாரின் மூக்குக்கண்ணாடியிலிருந்து ஒரு வில்லையைக் கழற்றி, லென்ஸுக்கு முன்னால் இரண்டு விரலால் பிடித்துக்கொள்வார். "அப்பா பாக்காவ, நான் அமுக்குதேன்," என்பார்.

படம் கழுவ அபர்தீன் பஜார் ஸ்டுடியோவுக்கு ஒருமுறை என்னையும் அழைத்துப் போனார். கடைக்கார பாய் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"என்னம்மா இது, ஆளே இல்லாத படமா எடுக்குறீங்க? ஒரு மாப்பிள்ளை படம் கண்ணுல காட்டக் கூடாதா?"

"இதெல்லாம் மாப்பிள்ளைங்கதான் பாய். நாலு சக்கரத்துல வாராவ. எதை எடுக்கன்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

பாய் சிரித்தார். அக்காவும் சிரித்தார். திரும்பி மேடேறும்போது டெலானிபூர் வரை கைப்பையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே வந்தார்.

நீங்கள் எல்லோரும் அவரை 'ஐயா' என்றும் 'தம்பி' என்றும் எழுதினீர்கள். ஏன் திருத்தவில்லை என்று கேட்டேன். "பொம்பளைன்னு தெரிஞ்சா படத்த விட்டுட்டு என்னையப் பாப்பாவ. நான் பாக்கறதப் பாத்தாப் போதும்," என்றார். ஆனாலும் கப்பல் வரும் நாளில் ஜெட்டியில் நின்று தபால் பைகள் இறங்குவதைப் பார்ப்பார். ஊரே யார் வந்து இறங்குகிறார்கள் என்று பார்க்க வரும். அவர் பையை மட்டும் பார்ப்பார். மறுநாள் கவர் கைக்கு வந்ததும், அட்டைகளின் பின்புறம் நீங்கள் எழுதியதைப் படிகளில் உட்கார்ந்து எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவார். மதுரை டாக்டருக்கு ஒரு குரல், சேலத்து ஐயாவுக்கு ஒரு குரல். அந்த வீட்டில் வேறு குரல் கேட்டது அந்த நாட்களில்தான்.

இனி அந்தச் சிவப்புக் கார். மழை விட்ட ஒரு பகலில் ஜெட்டி சாலையில் எடுத்தோம். தேங்கிய நீரில் கார் தலைகீழாகத் தெரிந்ததே, அந்தப் படம்தான். உங்கள் விதிப்படி, முதல் படம் நிஜக் கார் என்று நம்ப வைக்க வேண்டும். இரண்டாவதில் பக்கத்தில் தீப்பெட்டி வைத்து அளவைக் காட்ட வேண்டும். முதல் படம் எடுத்தாயிற்று. தீப்பெட்டியை எடுத்தால் மழையில் நைந்து போயிருந்தது. அதே நேரம் போட்டின் சங்கு கேட்டது. மறுநாள் வரவேண்டிய அப்பா.

"அக்கா, அப்பா! குடுங்க, நான் ஓடணும்!"

"நில்லுட்டி, ஒரே ஒரு நிமிசம். கைய வை."

"எதுக்கு?"

"தீப்பெட்டிக்குப் பதிலா. வை, வை."

வைத்தேன். அமுக்கினார். காரைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். மேட்டில் வழுக்கி விழுந்தேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் இடது முன்விளக்கின் கல் இல்லை.

அப்பா அதை ஞாயிற்றுக்கிழமை பார்த்தார். பிரஷ் பாதியில் நின்றது. காரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அம்மாவிடம், "எலி கிலி வந்துச்சாடி?" என்று கேட்டார். அம்மா, "எலிக்கு எதுக்குங்க ஹெட்லைட்?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் பீரோவுக்குப் பூட்டு வந்தது.

அப்பா அடிப்பார் என்று எனக்குப் பயமில்லை. அவர் அடிக்க மாட்டார். பேசமாட்டார். ஒருமுறை அம்மாவிடம் பேசாமல் மூன்று தடவை மாயாபந்தர் போய்வந்தார். எங்கள் வீட்டில் மூன்று பேர்தான். ஒருவர் பேசாவிட்டால் கடல் சத்தம் உள்ளே வந்துவிடும்.

சேலத்து ஐயா, போன சுற்றில் நீங்கள் எழுதியிருந்தீர்கள். இந்த இரண்டு படங்களையும் வாரப் பத்திரிகைக்கு அனுப்பப் போவதாகவும், ஆட்சேபம் இருந்தால் உடனே தெரிவிக்கும்படியும். அந்தப் பத்திரிகை கப்பலில் இங்கே வரும். அப்பா ஒரு எழுத்து விடாமல் படிப்பார். படத்தில் இருப்பது அவர் கார். பக்கத்தில் இருப்பது என் கை. கட்டைவிரலில் அடுப்பில் சுட்ட தழும்பு. அந்தப் புண்ணுக்கு மருந்து போட்டுக் கட்டியதும் அப்பாதான்.

அக்கா உங்கள் கடிதத்தோடு என்னிடம் வந்தார். அப்படி அவர் முகம் மலர்ந்து நான் பார்த்ததில்லை. ஆனால் கேட்டது இதைத்தான்: "கை உன்னோடது. கார் உங்கப்பாவோடது. பாத்தது மட்டுந்தான் நான். நீ சொல்லு, போடலாமா?"

நான் அழுதேன். வேண்டாம் என்றேன். மேட்டில் விழுந்ததையும் விளக்கின் கல் போனதையும் அப்போதுதான் சொன்னேன்.

"சரிட்டி. எழுதிருதேன். இதுக்கெல்லாம் அழுவாங்களா?"

அதோடு விடவில்லை. அலுவலகம் விட்டதும் மூன்று நாள் அந்த மேட்டில் குனிந்து தேடியிருக்கிறார். நான்காம் நாள் ஒரு தீப்பெட்டியை என் கையில் வைத்தார். உள்ளே பஞ்சு. பஞ்சின்மேல் கடுகளவுக் கண்ணாடிக் கல். "ஒட்ட வச்சிரு," என்றார். பீரோ பூட்டிக் கிடந்ததால் தீப்பெட்டியை என் புத்தகப்பையில் ஒளித்து வைத்தேன்.

பிறகு காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரி ஜீப்பில் ஏறும்போது என்னைக் கூப்பிட்டு, நம் சுற்றுக்கவரைக் கொடுத்து, "அடுத்த கப்பலுக்குப் போட்டுரு, மறந்திராதே," என்றார். கண் மஞ்சளாக இருந்தது. ஜீப்பில் அவர் பக்கத்தில் யாரும் இல்லை. நான் ஏறியிருக்கலாம். அம்மா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், உனக்கு அங்கே என்ன என்று கேட்பார் என்பதால் ஏறவில்லை.

இன்று அந்தக் கவரைத் திறந்தேன். சேலத்து ஐயாவுக்கு ஒரு தாள் இருந்தது. "படம் வேண்டாம். அச்சிட வேண்டாம். காரணம் கேட்க வேண்டாம். ஜெ." அவ்வளவுதான். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடைசி எழுத்திலும் அவர் என்னை மறைத்துத்தான் வைத்திருக்கிறார். அப்படி மறைத்ததில் அவரும் மறைந்துபோகிறார். இந்த ஊரில் பூட்டு வைத்தவரிடம் ஒரு சாமான் பட்டியல் இருக்கிறது. அதில் கேமரா ஒன்று, தகர லாரி ஒன்று என்று எழுதியிருப்பார்கள். அவர் பார்த்தது எதிலும் எழுதப்படவில்லை.

அந்தத் தாளை நான் கிழிக்கவில்லை. அவர் எழுதியதைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. இதோடு வைத்திருக்கிறேன். ஆனால், ஐயா, அதன்படி நடக்க வேண்டாம். இரண்டு படங்களையும் அனுப்புங்கள். கை இருக்கும் படத்தை வெட்ட வேண்டாம். கீழே 'ஜெ.' என்று போடாமல் ஜெயசீலி என்று முழுதாகப் போடச் சொல்லுங்கள்.

இந்தக் கவர் வியாழக்கிழமைக் கப்பலில் போகும். அப்பா சனிக்கிழமை வருகிறார். பத்திரிகை சொல்வதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பயமாக இருக்கிறது. எனவே பேச்சில் தொடங்கப் போவதில்லை. அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தத் தீப்பெட்டி ஒன்றுதான். அப்பா பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு பீரோவைத் திறக்கும்போது அதை அவர் முன்னால் வைப்பேன். பக்கத்தில் என் கையையும் வைப்பேன்.