காது குத்த வந்த தாய்மாமன்

நீதிமன்றம் ஒப்படைத்த பிள்ளைகளைப் பராமரிக்கும் மலேசியாவின் ஈப்போ நகர இல்லமொன்றில் வேலை செய்கிறேன். ஒரு ஞாயிறு காலை, சுங்காய் ஊரிலிருந்து வந்த ஒருவர், புதிதாகச் சேர்ந்த சிறுமிக்குத் தாய்மாமன் என்றார்.

“என் மடியில வெச்சுத்தான் காது குத்தணும் அக்கா. சாயந்தரமே கொண்டாந்து விட்டுர்றேன்லா.”

தாய்மாமன் என்றதும் மனம் இளகிவிட்டது. பிள்ளையைக் கிளப்பத் தலை வாரினேன். முடியை ஒதுக்கினால், காதில் எப்போதோ குத்தி ஆறிப்போன துளை!

வெளியே வந்து, “கோர்ட்டு அனுமதி இருக்கா?” என்று கேட்டேன்.

“சொந்த மாமனுக்கு எதுக்குக் கோர்ட்டு?” என்றவர், நான் போனை எடுத்ததும் காரில் ஏறிப் பறந்துவிட்டார்.

“நெசமான மாமனா இருந்தாலும் அனுமதியில்லாம கூட்டிட்டுப் போனா குற்றம். அனுப்பி வெச்சிருந்தா உன்னையும் போலீஸ் பிடிச்சிருக்கும்” என்றார் இல்லத்தின் மேலாளர்.

இப்போதெல்லாம் வாசலில் யாராவது உறவுமுறை சொன்னால், என் கை முதலில் பூட்டைத்தான் தொட்டுப் பார்க்கிறது.