கலங்கரை என்ற பெயரில் ஒருவர்

இந்த ஊரில் பகல் பன்னிரண்டு மணியானால் எதிரில் வருகிறவர்கள் எல்லாம் ஒருவருக்கொருவர் "மால்ட்சைட்" என்று சொல்லிக்கொண்டு போவார்கள். சாப்பாட்டு வேளை என்று பொருள். முதியோர் இல்லத்தில் செவிலியாகச் சேர்ந்த முதல் வாரம் அதை நான் கேள்வி என்று நினைத்துக்கொண்டேன். நின்று, முறையாகப் பதில் சொன்னேன்: இன்னும் சாப்பிடவில்லை, தயிர்சாதம் கொண்டுவந்திருக்கிறேன், நீங்கள் சாப்பிட்டீர்களா? அந்த மனிதர் திகைத்துப்போய்த் தலையை ஆட்டிவிட்டு வேகமாக நடந்துவிட்டார். ஆலங்குடியில் "சாப்டாச்சா?" என்று ஒருவர் கேட்டால் அதற்குப் பதில் உண்டு, அந்தப் பதிலுக்கு என்ன குழம்பு என்று இன்னொரு கேள்வி உண்டு, பஸ் வரும்வரை பேச்சு நீளும். இங்கே மால்ட்சைட் என்றால் திருப்பி மால்ட்சைட். அதோடு முடிந்தது.

ஜெர்மனியின் கிழக்கே ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் ஐந்து ஆண்டுகளாக இருக்கிறேன். பேச ஆள் இல்லை என்று சொன்னால் பொய். எல்லோரும் நல்லவர்கள், கேட்டதற்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறவர்கள். ஆனால் என்னோடு சண்டை போட ஒருவரும் இல்லை. உரிமையோடு மறுத்துப் பேச, "நீ சொல்றது தப்பு" என்று முகத்துக்கு நேராகச் சொல்ல ஒருவரும் இல்லை. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளத்தான் நீலப்பாறைக் குழுவுக்குள் போனேன்.

நீலப்பாறை ஆறு பாகங்களாக வந்த ஒரு மாயக்கதைத் தொடர். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடல் நடுவே ஒற்றைப் பாறையில் ஒரு நாடு. மகுடம் சூடியவர் அந்த மண்ணை விட்டு நகர்ந்தால் பாறை ஒரு முழம் தண்ணீருக்குள் இறங்கிவிடும். நான்காம் பாகத்தில் இளவரசன் திகழன், கடல் ஏன் இப்படிப் பொங்குகிறது என்று தெரிந்துவருவதற்காக, மகுடத்தைத் தங்கை நெய்தலியின் தலையில் வைத்துவிட்டு மரக்கலம் ஏறிப் போய்விடுகிறான். அவன் வீரனா, ஓடிப்போனவனா? இதுதான் எங்கள் குழுவில் ஓயாத வழக்கு. எண்பது பேர் இருப்போம். உண்மைப் பெயர், ஊர், தொழில் எதையும் சொல்லக் கூடாது என்பது விதி. நான் அங்கே 'பனிக்காரி'.

நான் திகழனின் வக்கீல். எதிர்த்தரப்பில் 'கலங்கரை' என்ற பெயரில் ஒருவர். மூன்று ஆண்டுகள் நாங்கள் இருவரும் மல்லுக்கட்டினோம். கலங்கரைக்குக் கதை மட்டுமல்ல, கடலும் தெரிந்திருந்தது. "கச்சான் காத்துல எவனாச்சும் அந்தப் பக்கம் பாய் விரிப்பானா? எழுதினவர் கரைப்பக்கமே வந்திருக்க மாட்டார்" என்று ஒருமுறை எழுதி ஆசிரியரையே கவிழ்த்துவிட்டார். கச்சான் என்பது தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இன்னொரு நாள், "இன்னைக்குக் கோட்டைப்பட்டினத்துல கரண்ட் இல்லை, நாளைக்குப் பதில் சொல்றேன்" என்று எழுதிவிட்டு, விதி நினைவுக்கு வந்து உடனே அழித்தார். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். எங்கள் மாவட்டம்! வேலைக்குப் போகும் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் நான் ஆலங்குடிக்காரி என்று சொல்லிக்கொள்ளவில்லை. எதிராளி எதிராளியாகவே இருக்கட்டும் என்று ஓர் ஆசை.

திகழனுக்காக நான் அவ்வளவு வாதாடியதற்குக் காரணம் இருந்தது. நான் கிளம்பிய காலையில் அம்மா திருச்சி விமான நிலையத்துக்கு வரவில்லை. அப்பா இறந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. தம்பி செல்வம்தான் என் பெட்டிகளைக் காரில் ஏற்றினான். அப்போது அவனுக்கு ஒரு மோட்டார் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது, ஓசூரில். அதற்குப் போகாமல், அப்பாவின் மோட்டார் காயில் கட்டும் கடையைத் திறந்துகொண்டு ஆலங்குடியிலேயே தங்கிவிட்டான். "நீ போக்கா, நான் பாத்துக்கிறேன்" என்றான். அவ்வளவுதான் அதைப் பற்றி நாங்கள் பேசியது. பிறகு நான் அதைக் கேட்டதே இல்லை. கேட்கப் பயம்.

கலங்கரை ஒரு நாள் எழுதினார்: "போனவன் தைரியசாலின்னு எல்லாரும் சொல்றீங்க. நின்னவளுக்கு என்ன பேரு?" அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஒரு கிழவரைக் குளிப்பாட்டிவிட்டு வந்த கையோடு, ஈரம் காயாத விரல்களால் பதில் எழுதினேன். "கரையில் உட்கார்ந்துகொண்டு கடலில் போனவனைக் குறை சொல்வது சுலபம்." குழுவில் பலர் கைதட்டல் படம் போட்டார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. சற்று நேரம் கழித்துக் கலங்கரை இரண்டே வரி எழுதினார். "படகு வரட்டும். வந்ததும் ஒங்களுக்கு ஒரு பதில் இருக்கு."

கலங்கரை மீன்பிடிக்கிறவர், படகு வந்ததும் ஏறிப் போய்த் திரும்பிவந்து என்னை ஒரு பிடி பிடிப்பார் என்று அதைப் புரிந்துகொண்டேன். மறுநாள் பதில் இல்லை. அதற்கு மறுநாள் காலையில், வேலைக்குக் கிளம்பும்போது, கைபேசியில் ஊர்ச் செய்தி ஒன்று வந்தது. கோட்டைப்பட்டினத்திலிருந்து நாட்டுப்படகில் போன நான்கு பேர் திரும்பவில்லை, பலத்த காற்று, தேடுகிறார்கள். பெயர்கள் இல்லை. இருந்திருந்தாலும் எனக்கு என்ன புரியும்? யாருடைய பெயரைத் தேடுவது? மூன்று ஆண்டுகள் நாள் தவறாமல் பேசியவரின் பெயர் எனக்குத் தெரியாது. குழுவில் எழுதினேன். எல்லோரும் பதறினார்கள், ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. கலங்கரைக்கு நான் கடைசியாகச் சொன்ன வாக்கியம் மட்டும் திரையில் மேலே நின்றது.

செல்வத்தை அழைத்தேன்.

"பேரு தெரியாது, வீடு தெரியாது, மூஞ்சி தெரியாது. அங்க போயி நான் யாரைன்னு கேக்குறது?" என்றான்.

"நீலப்பாறை கதை படிக்கிறவரு யாருன்னு கேளுடா."

"காணாமப்போன எடத்துல போயி கதை படிக்கிறவரு யாருன்னு கேட்டா, என்னையத் தூக்கிக் கடல்ல போட்ருவாங்க அக்கா."

ஆனால் போனான். கடையைப் பூட்டிவிட்டு, அறந்தாங்கி வழியாக பைக்கில் போனான்.

இங்கே உணவு இடைவேளையில் என் முகத்தைப் பார்த்துவிட்டு பிர்கிட் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிர்கிட் என்னோடு வேலை செய்கிறவள், ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிறது. என்ன என்று கேட்டாள். என் நண்பர் கடலில் காணாமல் போய்விட்டார் என்றேன். 'மைன் ஃப்ராய்ன்ட்.' இந்த மொழியில் நண்பனுக்கும் காதலனுக்கும் ஒரே சொல்தான். முன்னால் 'என்' சேர்த்துச் சொன்னால் காதலன் ஆகிவிடுவான். ஐந்து வருடம் இருந்தும் அந்தப் பதற்றத்தில் அது மறந்துபோனது. எத்தனை காலப் பழக்கம் என்று கேட்டாள். மூன்று வருடம், தினமும் சண்டை என்றேன். எதற்காக என்றாள். ஓர் இளவரசன் நாட்டை விட்டுப் போனது சரியா தவறா என்று, என்றேன். பிர்கிட் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறகு எழுந்து போய் மேலாளரிடம் ஏதோ சொல்லி, மிச்சப் பொழுதுக்கு எனக்கு விடுப்பு வாங்கிவந்தாள். நான் திருத்தவில்லை. ஆற்றோரத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தபோது செல்வம் அழைத்தான்.

"அக்கா, ஜெட்டில நிக்கிறேன். ஒரே கூட்டமா இருக்கு. வலை கட்டுற பெரியவரு ஒருத்தருகிட்ட மெதுவாக் கேட்டேன். 'பொஸ்தகம் படிக்கிறதா? அது நம்ம சபுராவாச்சே. அவ வீட்டுக்காரனும் தம்பியுந்தான்பா காணாமப்போன அந்த வல்லத்துல போயிருக்காக'ன்னாரு."

எனக்கு முதலில் புரியவில்லை. சபுரா. நான் ஆண் என்றே நினைத்திருந்தேன். மூன்று வருடப் பேச்சில் அப்படி நினைக்க ஒரு வார்த்தைகூட அவர் தரவில்லை. கடல் தெரிந்தவர் ஆணாகத்தான் இருப்பார் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். படகு வரட்டும் என்று எழுதியது ஏறிப் போவதற்காக அல்ல, போனவர்கள் திரும்புவதற்காக. கரையில் உட்கார்ந்திருப்பது சுலபம் என்று நான் யாரிடம் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கியது. செல்வம் அந்த வீட்டு வாசலுக்குப் போய்க் கைபேசியைக் கொடுத்துவிட்டான்.

"யாருங்க?"

கொஞ்சம் கனத்த குரல். ஐம்பது வயது இருக்கலாம்.

"நான்... பனிக்காரி."

"பனிக்காரியா? எங்கிட்டு இருந்து பேசுறீங்க?"

"ஜெர்மனிங்க. ஆனா எனக்குச் சொந்த ஊரு ஆலங்குடி."

"ஆலங்குடியா! இம்புட்டு நாளா சண்டை போட்டது நம்ம பக்கத்து ஆளுதானா?"

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் விடவில்லை.

"அத விடுங்க. இங்க எல்லாரும் அழுதுக்கிட்டு இருக்காக. எனக்கு அழுகை வர மாட்டேங்குது. அழாம ஒக்காந்திருந்தாலும் தப்பாப் பாக்குறாக. நீங்க ஏதாச்சும் பேசுங்க தங்கச்சி. திகழனைப் பத்திப் பேசுங்க. நான் திட்டுறேன்."

பேசினேன். ஆற்றில் வாத்துகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு தாய் குழந்தையைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு போனாள். நான் தமிழில், அழுகையை அடக்கிக்கொண்டு, இல்லாத ஓர் இளவரசனுக்காக வாதாடினேன். சபுராம்மா மறுத்தார். "நெய்தலி அந்த மகுடத்தைக் கழட்டி வச்சிட்டுத் தலை சீவக்கூட முடியாது, அத நெனச்சீங்களா?" என்றார். "அவ தெனம் பாறைக்கு வந்து நின்னு பாக்குறான்னு ஒரு வரியில எழுதி முடிச்சிட்டாரு. ஒரு வரியா அது? நான் எழுதினா ஒரு பாகம் எழுதுவேன்." நடுநடுவே பின்னால் யாரோ ஓதும் சத்தம் கேட்டது. ஒருமுறை அவர் நிறுத்திவிட்டு, "வெளிச்சம் இருக்கையிலேயே வந்துருவாக" என்றார், என்னிடம் அல்ல. முக்கால் மணி நேரம் போயிருக்கும். நான் ஐந்தாம் பாகத்துக்கு வந்திருந்தேன்.

திடீரென்று அந்தப் பக்கம் இரைச்சல். யாரோ ஓடிவரும் காலடி. கைபேசி கீழே விழுந்த சத்தம். நான் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். எத்தனை முறை "என்னாச்சு, என்னாச்சு" என்று கத்தினேனோ தெரியாது. கடைசியில் செல்வத்தின் குரல் வந்தது.

"அக்கா, ஆளு கெடச்சுருச்சு. நாலு பேரும் இருக்காங்க. எஞ்சின் நின்னுபோயி காத்துல அடிச்சுக்கிட்டுப் போயிருக்கு. கோடியக்கரைப் பக்கம் வேற படகுக்காரங்க பாத்து, கட்டி இழுத்துட்டு வந்துட்டாங்களாம். இப்பத்தான் போன்ல பேசினாங்க. நல்லா இருக்காங்க அக்கா."

பின்னால் சபுராம்மா அழுவது கேட்டது. அதுவரை வராத அழுகை மொத்தமாக வந்தது. நானும் ஆற்றங்கரையில் நின்று அழுதேன். வழியில் போன ஒருவர் நின்று, உதவி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், எல்லோரும் கிடைத்துவிட்டார்கள் என்றேன். எத்தனை பேர் என்று கேட்டார். நாலு பேர் என்றேன். நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். என்ன நினைத்தாரோ. நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியதும் எனக்குப் பயங்கரமாகப் பசித்தது. எதிரில் இருந்த கடையில் இரண்டு ரொட்டி வாங்கி நின்றுகொண்டே தின்றேன்.

செல்வம் கிளம்பும் முன் மறுபடி அழைத்தான். தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்களாம். அந்த வலை கட்டும் பெரியவர் தோளில் கைபோட்டுப் பேசினாராம். எல்லாம் சொல்லிவிட்டு, "அக்கா, அந்தத் தங்கச்சி கடைசில என்ன ஆனா?" என்று கேட்டான்.

"எந்தத் தங்கச்சி?"

"நீங்க ரெண்டு பேரும் பேசினது ஸ்பீக்கர்ல கேட்டுச்சே. மகுடத்த வச்சுக்கிட்டு நிக்கிறவ."

ஓசூரைப் பற்றி அன்றுதான் அவனிடம் கேட்டேன், ஐந்து வருடம் கழித்து. அவன் கொஞ்சம் யோசித்தான். முதல் வருடம் கஷ்டமாகத்தான் இருந்தது என்றான். உன்மேல் கோபம்கூட வந்தது, இப்போது இல்லை, கடை நன்றாகப் போகிறது, அங்கே போயிருந்தால் அம்மாவை நினைத்துக்கொண்டே கிடந்திருப்பேன் என்றான். "ஒரு தடவை கேட்ருக்கலாம்ல?" என்றான். ஆமாம் என்றேன். அதுவே போதும் போலத்தான் அவனும் பேசினான்.

பிர்கிட்டிடம் மறுநாள் நல்ல செய்தி சொன்னேன். என் நண்பர் ஐம்பது வயதுப் பெண், அவர் கடலுக்கே போகவில்லை, போன அவருடைய கணவர் திரும்பிவிட்டார் என்றேன். அவள் நெடுநேரம் யோசித்து, "கணவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். இம்முறை உட்கார்ந்து முழுக் கதையையும் விளக்கினேன். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு அவளும் எனக்கு ஒன்று சொன்னாள்: ஜெர்மனி இரண்டு நாடுகளாகப் பிரிந்துகிடந்த காலத்தில், இளம்வயதில், இந்தப் பாதியில் தான் தங்கிவிட்டதும், அக்கா அந்தப் பாதிக்குப் போய்விட்டதும். ஐந்து வருடத்தில் முதல்முறையாக எங்கள் பேச்சு இடைவேளையைத் தாண்டிப் போனது.

கலங்கரையின் பதில் நான்கு நாள் கழித்துக் குழுவில் வந்தது, பத்துப் பத்தியில். திகழனை உரித்துத் தொங்கவிட்டிருந்தார். எனக்கு ஒரு சலுகையும் காட்டவில்லை. இவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதே இல்லை.

ஜனவரியில் ஊருக்குப் போனபோது செல்வத்தோடு கோட்டைப்பட்டினம் போனேன். சபுராம்மா வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டோம். அவருடைய வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். "இவ படிக்கிறது பூராம் எனக்கும் சொல்லிருவா" என்று மட்டும் சொன்னார். கிளம்பும்போது நானும் சபுராம்மாவும் நான்காம் பாகத்தை மாற்றிக்கொண்டோம், அவருடையது எனக்கு, என்னுடையது அவருக்கு. ஓரங்களில் இருவரும் பென்சிலால் கிறுக்கியிருந்ததைப் படித்துப் பார்ப்பதற்காக.

அவருடைய புத்தகம் இப்போது இங்கே என் அலமாரியில் இருக்கிறது. உப்புக்காற்றில் தாள்கள் விறைத்து, மூடினால் முழுதாக மூடாது. திறக்கும்போதெல்லாம் மேசைமேல் கொஞ்சம் மணல் உதிர்கிறது. போன வாரம் சபுராம்மா ஒரு படம் அனுப்பினார். என் புத்தகத்துக்குள் அடையாளத்துக்கு நான் வைத்திருந்த இந்த ஊர் பஸ் டிக்கெட். "இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டிருந்தார். ஊர்ப் பெயரும் ஏறிய நேரமும் என்றேன்.

"வீட்டுக்குப் போன டிக்கெட்டா, வீட்டுலேருந்து கெளம்பின டிக்கெட்டா?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் அது போட்டிருக்கவில்லை.