முடிவிலிருந்து தொடங்கிய படம்

எங்கள் அப்பாவுக்கு ‘தெரியாது’ என்று சொல்லும் பழக்கம் கிடையாது. அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு படத்தின் பின்பாதியை முதலிலும் முன்பாதியை அப்புறமும் பார்க்க நேர்ந்தது.

மலேசியாவில், திகாம் பத்து என்ற ஊரில் எங்களுக்கு மளிகைக் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். அப்பாவின் தங்கையான என் அத்தை எங்களோடுதான் இருந்தாள். மாமா பாலிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் லோரி ஓட்டினார். அங்கே குடும்பத்தோடு தங்க வீடு தரமாட்டார்கள் என்று சொல்லியிருந்தார். எப்போதாவது ஒரு சனிக்கிழமை வருவார், அத்தை கையால் ஆட்டுக்கறி சாப்பிடுவார், மறுநாள் கிளம்பிவிடுவார். அவர் செருப்பு மாட்டும்போது அத்தை வாசல்வரை வந்து, “அடுத்து எப்ப வருவீங்க?” என்று கேட்பாள். அது தவறியதே இல்லை.

அந்தப் படத்தை அப்பா பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கி வந்தார். கறுப்பு வெள்ளை, மர்மக் கதை, நாவலாக வந்து பேர் வாங்கியது. வீட்டில் அந்த நாவலைப் படித்தவள் அத்தை மட்டும்தான். விசிடி இரண்டு தட்டுகளாக இருந்தது. கள்ளப் பதிவு என்பதால் எது முதல், எது இரண்டாவது என்று ஒன்றிலும் எழுதவில்லை. அப்பா கைக்கு வந்ததைப் போட்டார்.

எடுத்த எடுப்பிலேயே ஓர் ஆள் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தான், பக்கத்தில் ஒருத்தி பூ கட்டிக்கொண்டிருந்தாள். போலீஸ்காரர் வந்து ஏதோ விசாரித்தார். கடைசியில் வேறொரு பெண் தெருவின் எதிர்ச்சாரியில் நின்று, அந்த ஆளையும் தொட்டிலையும் பார்த்துவிட்டுக் கூப்பிடாமலே திரும்பிப் போனாள். ‘வணக்கம்’ என்று எழுத்து வந்தது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

“என்னங்க, அதுக்குள்ள முடிஞ்சிருச்சு?” என்றாள் அம்மா.

“இது ஃப்ளாஷ்பேக்லா. அந்தக் காலத்துப் படம்னா இப்படித்தான்” என்று சொல்லி அப்பா அடுத்த தட்டைப் போட்டார்.

இப்போதுதான் நடிகர்களின் பெயர்களே வந்தன. எதிர்ச்சாரியில் நின்ற பெண் யாரென்றும் தெரிந்தது. தொட்டில் ஆட்டியவனின் மனைவி. ஒரு மழை நாளில் வெளியே போன புருஷன் வீடு திரும்பவில்லை. ஆற்றங்கரையில் அவன் குடை மட்டும் கிடைக்கிறது. யார் கொன்றது என்று ஊரே தேட, அவள் அழுகிறாள். அவனோ வேறு ஊரில் வேறொருத்தியோடு சுகமாக இருப்பதை நாங்கள்தான் பார்த்துவிட்டோமே! எனக்கு அவள்மேல் பாவமாகவும் எரிச்சலாகவும் இருந்தது.

“எல்லாருக்கும் தெரியுது, இந்த அக்காவுக்கு மட்டும் தெரியல!” என்று கத்தினேன்.

அம்மா யாரும் கேட்காமலே தேத்தண்ணி போட எழுந்து போனாள். அப்பா ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அவளுக்கும் தெரியும்டா தம்பி. கேக்காம இருக்கா” என்றாள் அத்தை.

அதெப்படி? இந்தத் தட்டில் அவள் இன்னும் அந்தத் தெருவுக்கே போகவில்லையே. கேட்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அப்பா பேச்சை மாற்றினார்.

“தட்டு மாறிப் போச்சு போல. நீதான் கதைய படிச்சவளாச்சே, மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?”

அத்தை டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நீங்களும்தான் சொல்லலையே, அண்ணே.”

எனக்கு ஒரே குழப்பம். நாவலைப் படிக்காத அப்பா எதைச் சொல்லியிருக்க முடியும்? அம்மா கொண்டுவந்த தேத்தண்ணியை யாரும் தொடவில்லை. படம் பாதியில் முடிந்ததும் அத்தை எழுந்து போய்க் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தாள். மாமாவின் சட்டையை மட்டும் கொடியிலேயே விட்டுவிட்டாள்.

பாலிங்கில் மாமாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்ததும், அப்பாவும் அம்மாவும் அதைத் தெரிந்தே மறைத்ததும் நான் பெரியவனான பிறகுதான் எனக்குத் தெரியவந்தன.

அடுத்த சனிக்கிழமை மாமா வந்தார். அத்தை ரசமும் அப்பளமும் வைத்தாள். மறுநாள் அவர் செருப்பு மாட்டியபோது அவள் வாசலுக்கு வரவில்லை. மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து, அவளுக்குப் பதிலாக நானே ஓடிப்போய்க் கேட்டேன்:

“மாமா, அடுத்து எப்ப வருவீங்க?”