அப்பாவின் பிரெஞ்சுக்காரப் பாட்டி

எங்கள் அப்பா மலாயாவில், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே சரக்குக் கொட்டகையில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். அது சம்பளத்துக்குப் பார்த்த உத்தியோகம். பிரெஞ்சுக்காரியின் பேரனாக இருப்பதுதான் அவருடைய முழுநேர வேலை, அதற்கு ஞாயிற்றுக்கிழமைகூட விடுமுறை கிடையாது.

அவருடைய அப்பாவைப் பெற்றவள் பிரான்ஸிலிருந்து கப்பலேறிக் காரைக்காலுக்கு வந்த வெள்ளைக்காரி. இது எங்கள் வீட்டில் பூசைக்கும் ஜெபமாலைக்கும் அடுத்தபடியான நம்பிக்கை. நான் சிறுமியாக இருந்தபோது அவள் ஒரு கப்பல் தலைவனின் மகள். பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது கவர்னருக்கு ஒன்றுவிட்ட தங்கை. எனக்குக் கல்யாண வயது வந்தபோது அவளுக்கு ஒரு கோட்டையும், கோட்டையைச் சுற்றி ஓர் அகழியும் வந்து சேர்ந்திருந்தன. எந்த ஊர்க் கோட்டை என்று கேட்டால் அப்பாவுக்குக் கோபம் வரும். அந்தக் கோபமே பிரெஞ்சு ரத்தத்தால் வருவதுதான் என்பார்.

கள்ளைக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி, ஒரு சுழற்று சுழற்றி, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். முடிவெட்டும் சீனருக்குப் பிரெஞ்சில் வணக்கம் சொல்வார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு அத்தோடு சரி. ஒருமுறை ஆபீஸில் இங்கிலீஷ்காரத் துரையிடமே இந்தப் பெருமையை அவிழ்த்துவிட்டார். இங்கிலீஷ்காரனுக்குப் பிரெஞ்சுக்காரனைக் கண்டாலே ஆகாது என்பது அவருக்குத் தெரியாது. அதற்கப்புறம் அந்தத் துரை இருந்தவரை அவருக்குப் பதவி உயர்வு பற்றிய பேச்சே எழவில்லை. அம்மா மட்டும் எதற்கும் மசியமாட்டாள். "சீமாட்டி பேரனுக்குக் கருவாடு சுடணுமாம்," என்று அடுப்பைப் பார்த்துச் சொல்வாள்.

அந்த வருஷம் கோவில் திருவிழாவில், மாதா சப்பரத்துக்குப் பின்னால் போன கூட்டத்தில், உடைந்த சோடாப் புட்டி ஒன்று என் காலைக் கிழித்தது. கட்டுப்போட வந்தவர் கிள்ளான் ஆஸ்பத்திரியில் டிரசராக இருந்தவர். "வலிக்குதா?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்காகக் காத்திருந்தார். எங்கள் வீட்டு ஆண்கள் கேள்வி கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. கால் ஆறிய பிறகும், அவர் வந்தால் கட்டைப் பார்ப்பார் என்று நொண்டிக்கொண்டே கோவிலுக்குப் போய்வந்தேன். யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அவரே ஏற்பாடு செய்தாரோ என்னவோ, சில மாதங்களில் கோவில் உபதேசியார் கிள்ளானிலிருந்து சம்பந்தம் பேச வந்தார். "பிள்ளையோட அம்மாவுக்கும் பூர்வீகம் காரைக்கால்தான். பொண்ணு பிடிச்சிருக்கு. உங்க வம்சத்தப் பத்தி மட்டும் கொஞ்சம் விசாரிக்கணும்னு சொல்றாங்க," என்றார்.

அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இப்படி ஒரு கேள்விக்காகத்தானே மனிதர் பிறந்திருக்கிறார். உட்கார்ந்த இடத்திலேயே கோட்டைக்குள் ஒரு குதிரை லாயம் கட்டத் தொடங்கிவிட்டார். உபதேசியார் கோப்பியைக் குடித்து முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதில்லைங்க. அப்படி ஒரு வெள்ளைக்காரி உங்க குடும்பத்தில கிடையாதுன்னு அவங்களுக்குத் தெரியணும்," என்றார்.

எங்கள் காரைக்கால் ஆட்களைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இது விளங்காது. ஞானஸ்நானம் வாங்கி எத்தனையோ தலைமுறை ஆகியிருக்கும், ஆனால் சாதியைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் கப்பலேறி வருவார்கள். வெள்ளைக்காரன் எதிரில் வந்தால் தொப்பியைக் கழற்றுவார்கள். வெள்ளை ரத்தம் கலந்தவனைச் சட்டைக்காரன் என்று சொல்லிப் பந்தியில் தள்ளி உட்காரவைப்பார்கள். மலாயாவுக்கு வந்து துரைமார்களையே பார்த்துப் பார்த்து அப்பா இதைச் சுத்தமாக மறந்துவிட்டார். தன் குடும்பத்துக் குறை என்று ஊரார் நினைப்பதையே இத்தனை வருஷமாகப் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளான்வரை தண்டோரா போட்டிருக்கிறார்.

அம்மா அன்றைக்கு வெகுநேரம் சிரித்தாள். பிறகு அப்பாவை உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். "நம்ம பொண்ணு வாழ்க்கைங்க. விளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லிருங்க. கூடுதலா ஒரு வார்த்தை வேணாம். இல்லைன்னு சொல்லிட்டுக் கோப்பியக் குடிங்க." அப்பா சரியென்றார். பெண்ணையும் கூட்டிக்கொண்டு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். கிள்ளானுக்குப் போகும் ரயிலில், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அதெல்லாம் சும்மா கதைங்க... சும்மா கதை," என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. ஆனாலும் அவர் சொன்னபடி சொல்லிவிட வேண்டுமே என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டுதான் இருந்தேன்.

கிள்ளானில் பெரிய பலகை வீடு. பிள்ளையின் அம்மா தடித்த சரிகைப் புடவையில் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். டிரசர் சுவரோரம் நின்றார், என் காலைத்தான் முதலில் பார்த்தார். அப்பா ஒப்பித்தார். "அதெல்லாம் சும்மா கதைங்க. வாய் சும்மா இருக்காம அளந்தது. வெள்ளைக்காரியும் இல்லை, ஒண்ணும் இல்லை."

"நல்லதாப் போச்சு," என்றார் அந்த அம்மாள். "எங்க அத்தை ஒரு வார்த்தை சொல்லிட்டா எனக்கும் நிம்மதி. உங்க அப்பா வீடு இருந்த தெருவிலதான் அவங்க வளர்ந்தாங்க." உள்ளேயிருந்து ஒரு கிழவியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். வாய் நிறைய வெற்றிலை. காது மந்தம். அப்பாவின் தகப்பனார் பெயரையும் தெருவையும் அவர் காதில் கத்திச் சொன்னார்கள்.

"யாரு, ரொட்டிக்காரி மவனா?" என்றார் அத்தை.

பிள்ளையின் அம்மாவுக்கு முகம் சுருங்கியது. கிழவிக்கு மட்டும் குஷி பிறந்துவிட்டது. "வெள்ளைக்காரி ரொட்டி வாங்கித் தின்னுதான நாங்க வளர்ந்தோம். ஒரு துரை வீட்டுக்கு ஆயாவா வந்தவ. புள்ளைங்களப் பாத்துக்கறதுக்குன்னு சீமையிலேர்ந்து கூட்டியாந்தாங்களாம். விஷக் காய்ச்சல்ல விழுந்துட்டா. பொழைக்கமாட்டான்னு துரை குடும்பம் அவளப் போட்டுட்டுக் கப்பலேறிருச்சு. அந்த வீட்டுச் சமையக்காரன்தான் கஞ்சி ஊத்திக் காப்பாத்துனான். எழுந்து நடந்ததும் அவனையே கட்டிக்கிட்டா."

அப்பாவின் கதைகளில் அந்தச் சமையல்காரர் கவர்னருக்கே மொழிபெயர்த்துச் சொல்லும் பெரிய துபாஷ். நான் அப்பாவைப் பார்க்கத் துணியவில்லை. கோட்டை, அகழி, லாயம் எல்லாம் போய், மிச்சம் ஓர் ஆயாவும் ஒரு சமையல்காரரும். எனக்கு உள்ளுக்குள் பொங்கிவந்த சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். "எப்படி இருப்பாங்க?" என்று கேட்டார்.

"என்ன?"

"ஆளு, ஆளு எப்படி இருப்பாங்க?" என்று கத்தினார்.

"வெயில்ல வெந்து செவந்து போயிருப்பா. தலையில கூடை. கால்ல செருப்பு கெடையாது. ஒருத்தன் ரொட்டிய அமுக்கிப் பாத்தா போதும், ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவா. அம்புட்டும் தமிழ்லதான். புருஷன் போனப்புறம் அத்தனை புள்ளைங்களையும் அந்தக் கூடையிலதான் வளத்தா."

அப்பா தலையாட்டிக்கொண்டே இருந்தார். அவர் எதற்காக வந்தார் என்பதை மறந்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. அம்மா தொண்டையைக் கனைத்தாள். ஒருமுறை, பிறகு இன்னொரு முறை.

பிள்ளையின் அம்மா கெட்டிக்காரி, நல்ல மனசுக்காரியும்தான். அப்பாவுக்கு வழி விட்டார். "அத்தைக்கு வயசாச்சு. தெருவ மாத்திச் சொல்லியிருப்பாங்க. நீங்க உங்க வாயால இல்லைன்னு சொல்லிட்டீங்கன்னா எனக்குப் போதும். வர்ற மாசமே சாமியார்கிட்டப் பேசிக் கோவில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிடலாம்."

எல்லாரும் அப்பாவைப் பார்த்தோம். சொல்லியாகிவிட்ட பொய். இன்னொருமுறை சொன்னால் போதும். கோப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"எங்க அப்பா அந்த ரொட்டியத் தின்னுதாங்க வளர்ந்தாரு," என்றார். "இல்லைன்னு எப்படிங்க சொல்றது?"

டிரசர் தன் அம்மாவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அங்கேயேதான் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினோம்.

திரும்பும் ரயிலில் அம்மா எதிர் பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வேளைக்கு ஒரு பொய் என்று வாழ்ந்த மனிதருக்கு, ஒரு பொய் உதவக்கூடிய அந்த ஒரு சாயங்காலத்தில்தானா உண்மை பேச வர வேண்டும்?

"ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டேன்.

அவர் ரப்பர் மரங்களைப் பார்த்தபடியே பேசினார். "காய்ச்சல்ல கெடந்தவங்கள விட்டுட்டுப் போயிட்டாங்கம்மா. அதக் கேட்டதுக்கப்புறம் நானும் எப்படிம்மா விட்டுட்டு வர்றது?"

"எனக்கு அவரப் பிடிச்சிருந்துச்சுப்பா," என்றேன். அம்மாவிடம்கூடச் சொல்லாததை அவரிடம் அப்போதுதான் முதல்முறையாகச் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"தெரியும்மா," என்றார் அப்பா. "நீ நொண்டிக்கிட்டே கோவிலுக்குப் போனப்பவே தெரியும்." தெரிந்துதான் அங்கே அப்படிச் சொல்லியிருக்கிறார்.